கடந்த ஆண்டின் பத்து ஆல்பங்களும் என் தொண்டையும்

ஜனவரி 4, சனி

இன்று முதல் பேசக் கூடாது. கிசுகிசுக்கவும் கூடாது, அது பேசுவதைவிடக் கெடுதல் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இருமல் வந்தால் தண்ணீர் குடித்து அடக்கிக்கொள்ள வேண்டும். சிரிப்பு வந்தால் என்ன செய்வது என்று கேட்க வாயெடுத்தேன். உடனே விரலைத் தூக்கி மிரட்டினார். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நான் செய்வது போலவே இருந்தது.

குரல்நாணில் மிளகு அளவுக்கு ஒரு கட்டி. மின்விசிறிச் சத்தத்துக்கு மேலே, பிள்ளைகளின் சத்தத்துக்கும் மேலே, இத்தனை வருடம் இயற்பியல் கத்தியதன் பலன். எடுத்தாகிவிட்டது. பயப்படும்படி ஒன்றும் இல்லை. ஆனால் புண் ஆறிய பிறகு பழைய குரல் அப்படியே வருமா என்று இப்போதே சொல்ல முடியாதாம். "கொஞ்சம் கனமா வரலாம். வந்த பிறகு பார்த்துக்கலாம்" என்றார்.

வந்த பிறகு பார்த்துக்கொள்கிறேன். இப்போது நான் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

வீட்டில் நானும் அப்பாவும் மட்டும்தான். அம்மா போய் ஆறு வருடமாகிறது. அப்பா நஞ்சப்பன் வேலைக்குப் போன காலமெல்லாம் சிங்காநல்லூர் மில் ஒன்றில் தறி ஓட்டியவர். தறிச்சத்தம் அவர் காதில் பாதியைத் தின்றுவிட்டது. காது மெஷின் வாங்கிக் கொடுத்தேன். அது பீரோவில் பத்திரமாக இருக்கிறது. ஆக இந்த வீட்டில் ஒருத்தியால் பேச முடியாது, ஒருத்தருக்குக் கேட்காது. வெள்ளைப் பலகை ஒன்று வாங்கி வைத்திருந்தேன். அதில் 'காபி' என்று எழுதிக் காட்டினேன். கண்ணைச் சுருக்கி உற்றுப் பார்த்துவிட்டு, "சாவியா? ஆணிலதான கண்ணு மாட்டிருக்குது" என்றார்.

ஜனவரி 5, ஞாயிறு

நந்து பார்க்க வந்தான்.

நந்தகோபாலைப் பற்றி எழுத அவ்வளவாக ஒன்றும் இல்லை. ஆர்.எஸ்.புரத்தில் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். கல்லூரியில் எனக்கு மூத்தவன். ஒரு கல்யாணம் ஆகி, ஒத்துவராமல் முடிந்துபோனது. அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. பேசுவதெல்லாம் பாட்டைப் பற்றி. ஞாயிறு காலைகளில் அவன் கடையின் பின்னறையில் உட்கார்ந்து 'இடக்காது வலக்காது' என்று ஒரு பாட்காஸ்ட் நடத்துகிறோம். சினிமாவுக்கு வெளியே தமிழில் வரும் ஆல்பங்கள், நாலைந்து பேர் சேர்ந்து வீட்டிலேயே பதிவு செய்து வெளியிடுபவை, கொஞ்சம் பாப். நான் ஒன்றை நன்றாக இருக்கிறது என்பேன், அவன் இல்லை என்பான். இதுதான் நிகழ்ச்சி. இது ஏன் இத்தனை பேருக்குப் பிடிக்கிறது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

ஒவ்வொரு வருடத் தொடக்கத்திலும் போன வருடத்தின் சிறந்த பத்து ஆல்பங்களை வரிசைப்படுத்துவோம். இந்த முறை ஒரு புத்தகக் கடையின் மாடி அரங்கில், ஆட்கள் முன்னால், பிப்ரவரி ஒன்பதாம் தேதி. அறிவிப்பு வந்த மறுநாளே இடம் நிரம்பிவிட்டது. அதற்கு அடுத்த வாரம்தான் என் தொண்டையில் கட்டி என்று தெரிந்தது.

"தள்ளி வெச்சரலாமாங் டீச்சர்?" என்றான் நந்து. நான் அவனுக்கு டீச்சர் இல்லை. கேலிக்கு அப்படிக் கூப்பிடுவான்.

வேண்டாம் என்று தலையாட்டினேன்.

"அப்ப வாராவாரம் எபிசோடுக்கு ஒரு ஆள் வேணுமே. வர்ஷினின்னு ஒரு பொண்ணு இருக்குது, ரேடியோல. குரல் கணீர்னு இருக்கும். கேட்டுப் பாக்கட்டுமா?"

பலகையில் 'தாராளமாக' என்று எழுதினேன். எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. நிகழ்ச்சி நின்றுவிடக் கூடாது அல்லவா.

அவன் போன பிறகு பலகையைத் துடைத்தேன். அந்த ஒரு சொல் மட்டும் சரியாக அழியவில்லை. ஸ்பிரிட் போட்டுத் தேய்த்தேன்.

ஜனவரி 7, செவ்வாய்

வரிசையை வாட்ஸப்பில் பரிமாறிக்கொண்டோம். வழக்கம்போல ஒன்றுக்கொன்று ஆகவில்லை.

எனக்கு முதலிடம் மிருதுளாவின் 'ஐஸ் தண்ணி'. இருபத்திரண்டு வயதுப் பெண். எட்டுப் பாட்டு, ஒரு பிசிறு கிடையாது. குரல் அப்படியே வழுக்கிக்கொண்டு போகும். நந்து அதை ஒன்பதாவதாக வைத்திருக்கிறான். "துடைச்ச லென்ஸ் மாதிரி இருக்குது. ஆனா பவர் இல்ல" என்று ஒரு குறிப்பு வேறு.

அவனுக்கு முதலிடம் ஃப்ளோராவின் 'உப்புத்தாள்'. தூத்துக்குடிக்காரர். இருபது வருடம் மெல்லிசைக் குழுவில் பின்வரிசையில் பாடியவர், ஐம்பது வயதில் முதல் ஆல்பம். மரத்தை இழைத்த பிறகு தேய்ப்பார்களே, அந்த உப்புத்தாள்தான் அவர் குரல். பேர் பொருத்தமாக வைத்திருக்கிறார் என்று ஆகஸ்டில் நிகழ்ச்சியிலேயே சொன்னேன். என் வரிசையில் ஒன்பது.

நடுவில் உள்ளவை பற்றிப் பெரிய சண்டை இல்லை. மின்சாரம் போனபோதெல்லாம் போனிலேயே பதிவு செய்த திருநெல்வேலி மாணவனின் 'பவர் கட்' இருவருக்கும் மூன்று. பொள்ளாச்சிப் பையன்கள் நால்வரின் 'கெட்டிச் சட்னி' இருவருக்கும் பத்து. வெறும் குத்து. வருடத்துக்கு ஒன்று அப்படி இருக்கட்டும் என்று சேர்த்தது.

முடிவான வரிசை ஒன்றுதான் இருக்க வேண்டும் என்பது எங்கள் விதி. மாற்று என்று எழுதி அனுப்பினேன். மாத்த மாட்டேன் என்று திரும்பி வந்தது. வாய் இருந்தால் அரை மணி நேரத்தில் மாற வைத்திருப்பேன்.

ஜனவரி 8, புதன்

பால்காரர் என்னைக் காட்டி, யமுனா ஏன் பேசவில்லை என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா சொன்ன பதில் தெருவுக்கே கேட்டது. மதியத்துக்குள் மூன்று வீட்டிலிருந்து ரசம் வந்தது.

ஜனவரி 12, ஞாயிறு

வர்ஷினியும் நந்துவும் பேசிய எபிசோடு வெளியாகியிருக்கிறது. நல்ல குரல். தெளிவு. நேரத்துக்குச் சிரிக்கிறாள். நந்துவும் நன்றாகச் சிரிக்கிறான். நான் சொல்லும்போது இவ்வளவு சிரித்ததாக நினைவில்லை.

மூன்று முறை கேட்டேன், வேறு வேலை இல்லாததால். பிறகு சமையலறைப் பரணை ஒழித்துச் சுத்தம் செய்தேன். பிறகு படுக்கையறைப் பரணை.

ஜனவரி 14, செவ்வாய், பொங்கல்

பொங்கல் பொங்கியபோது அப்பா எனக்கும் சேர்த்து "பொங்கலோ பொங்கல்" என்று இரண்டு பங்காகக் கூவினார்.

பதினொரு மணிக்கு நந்து கரும்போடு வந்தான். கூடவே கடையிலிருந்து சோதனை லென்ஸ் பெட்டி. அப்பாவுக்குக் கண்ணாடி போட்டால் நான் எழுதுவதையாவது படிப்பார் என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது. எனக்கு இத்தனை நாள் தோன்றவில்லை.

அப்பாவை வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, எழுத்து அட்டையைக் கேட்டில் மாட்டினான்.

"இப்பத் தெரியுதுங்களாப்பா?"

"ஆங்?"

"தெரியுதுங்களா?"

"கரும்புக்கு எதுக்குத் தம்பி காசு, வேண்டாம்."

எதிர்வீட்டுக்காரர்கள் வெளியே வந்து பார்க்கத் தொடங்கினார்கள். ஒவ்வொரு லென்ஸுக்கும் நந்து தொண்டை கிழியக் கத்தினான். இப்படியே போனால் அடுத்த கட்டி அவனுக்குத்தான் என்று எழுதிக் காட்டினேன்.

ஒருவழியாக அளவெடுத்து முடித்து, என் ஹெட்போனை விளையாட்டாக அப்பா தலையில் மாட்டி, அவன் போனிலிருந்து ஒவ்வொரு ஆல்பமாகப் போட்டான். 'ஐஸ் தண்ணி'க்கு அப்பா முகத்தில் ஒன்றுமில்லை. "ஓடுதா?" என்று கேட்டார். 'பவர் கட்'டுக்கும் அதே. பிறகு 'கெட்டிச் சட்னி'. முதல் அடி விழுந்ததும் அப்பாவின் புருவம் மேலே போனது.

"இது கேக்குது!" என்று எழுந்து நின்றுவிட்டார். "ஏங்கண்ணு, நெஞ்சுல வந்து கும்மு கும்முனு குத்துது!" கையில் கரும்பு. வேட்டியை மடித்துக் கட்டினார். என் அப்பா ஆடி நான் பார்த்ததே இல்லை. தெருவுக்குக் கேட்காத பாட்டுக்கு, பொங்கல் பானையைச் சுற்றி அவர் ஆட, எதிர்வீட்டுப் பிள்ளைகள் கைதட்ட, நான் சத்தம் வராமல் சிரித்துச் சிரித்துக் கேட்டைப் பிடித்துக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நந்து பாட்டை நிறுத்தவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கண் டாக்டர் மாதிரி அவனுக்கு எல்லோரையும் உற்றுப் பார்க்கிற பழக்கம்.

ஜனவரி 16, வியாழன்

பத்து ஆல்பங்களையும் மறுபடி ஒழுங்காகக் கேட்பது என்று உட்கார்ந்தேன். பேசாமல் இருக்கும்போது பாட்டு வேறு மாதிரி கேட்கிறது. எப்போதும் கேட்டுக்கொண்டிருக்கும்போதே இதைப் பற்றி என்ன சொல்லலாம் என்று மனம் ஓடும். இப்போது சொல்வதற்கு எதுவுமில்லை. காது மட்டும் இருக்கிறது.

கத்தரிக்காய் வதக்கிக்கொண்டே 'உப்புத்தாள்' போட்டேன். நான்காவது பாட்டில் மேலே போகும் இடத்தில் ஃப்ளோராவின் குரல் உடைகிறது. உடைந்ததும் அவர் லேசாகச் சிரிக்கிறார். சிரித்துவிட்டு அடுத்த வரியை இன்னும் கீழே இறக்கி, தரையில் உட்கார்ந்தது போல நிதானமாக எடுக்கிறார். நன்றாகப் பாடிய இன்னொரு பதிவு அவரிடம் இருந்திருக்கும். அதை விட்டுவிட்டு இதைத்தான் வைத்திருக்கிறார். ஏன்?

ஒன்பதிலிருந்து ஏழுக்கு ஏற்றினேன். கத்தரிக்காய் அடிப்பிடித்துவிட்டது.

ஜனவரி 17, வெள்ளி

டாக்டரம்மா கேமராவை விட்டுப் பார்த்துவிட்டு, "நல்லா ஆறியிருக்கு. மெதுவா 'ஆ' சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். பக்கத்து அறையில் யாரோ மேசையை இழுத்தார்கள். அது நான்தான்.

"இன்னொரு தடவை."

மேசை மறுபடி நகர்ந்தது. டாக்டரம்மாவுக்குச் சந்தோஷம். தினமும் கொஞ்ச நேரம் பேசலாம், பயிற்சி செய்தால் இன்னும் தெளியும், ஆனால் பழைய உயரத்துக்குப் போகுமா என்பது சந்தேகம்தான் என்றார். "கனமா, நல்லாத்தான் இருக்கு" என்றார். டாக்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

ஆட்டோவில் வாய் திறக்கவில்லை. வீட்டிலும் இல்லை. சாயங்காலம் நந்து கூப்பிட்டான். எடுக்கவில்லை. 'இன்னும் பேச அனுமதி இல்லை' என்று செய்தி அனுப்பினேன். போனில் சார்ஜ் குறைவாக இருந்தது.

ஜனவரி 19, ஞாயிறு

அப்பாவின் கண்ணாடியோடு நந்து வந்தான். போட்டுக்கொண்டு அப்பா வீட்டில் உள்ள எல்லாவற்றையும் படித்தார். காலண்டர், மாத்திரை அட்டை, என் பலகை. நான் நந்துவுக்கு எழுதியதை எல்லாம் பின்னால் நின்று உரக்கப் படித்தார். "'அவள் இரண்டாவது எபிசோடும் நன்றாகத்தான் செய்திருக்கிறாள்.' யாரு கண்ணு அவ?"

'உப்புத்தாள்' இப்போது நான்கு.

ஜனவரி 22, புதன்

காலையில் நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

நான் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். சமையலறையில் அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி நின்று பல் குத்திக்கொண்டிருந்தார். அடுப்பில் பால் ஏறிக்கொண்டே வந்ததை நான் பார்த்தேன், அவர் பார்க்கவில்லை. என்னை அறியாமல் "அப்பா, அடுப்ப அணைங்க!" என்றேன். கத்தக்கூட இல்லை.

அப்பா திரும்பி அடுப்பை அணைத்தார்.

அணைத்த பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. அவர் கையில் பல்குச்சியோடு கூடத்துக்கு வந்தார். காதில் மெஷின் இல்லை.

"நீயா பேசுன?"

"ஆமாப்பா."

"மறுக்காப் பேசு."

"என்ன பேச?"

"எதயாச்சும் பேசு சாமி."

மடித்த துணிகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன். இது உங்க வேட்டி. இது என் துப்பட்டா. இது தலையணை உறை. அவர் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். என் உதட்டைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"கேக்குது கண்ணு. உன்ற பேச்சு எனக்கு முழுசாக் கேக்குது. எத்தன வருசமாச்சு! நீ பேசறப்பெல்லாம் குருவி கத்தற மாதிரி ஒரு சத்தம் வரும், நானா ஒண்ண நெனச்சுத் தலையாட்டிக்குவேன்."

காரணம் எனக்குத் தெரியும். இரைச்சலில் வேலை செய்தவர்களுக்கு மேல் சுருதிகள்தான் முதலில் போகும், கீழ் சுருதிகள் மிஞ்சும். அதிர்வெண் பாடத்தில் இதை வருடாவருடம் நடத்துகிறேன். என் பழைய குரல் அவருக்கு எட்டாத உயரத்தில் இருந்திருக்கிறது. இப்போது அவர் காது இருக்கும் இடத்துக்கு இறங்கி வந்திருக்கிறது.

செய்தித்தாளைக் கொண்டுவந்து நீட்டினார். ஒரு பக்கம் படித்தேன். அடுத்த பக்கத்துக்குப் போவதற்குள் பிடுங்கி மடித்துக்கொண்டார். "போதும். அந்த டாக்டரம்மா வையும். மிச்சத்த நாளைக்குப் படி."

குளிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் உள்ளேயே இருந்தேன். சோப்பு கண்ணில் பட்டுவிட்டது.

ஜனவரி 26, ஞாயிறு

வர்ஷினி வந்தாள். நந்து இல்லை, தனியாக. கையில் ஆப்பிள். நான் பலகையை எடுத்து 'வா, உட்கார்' என்று எழுதினேன்.

"அவ பேசுவாளே!" என்றார் அப்பா, அவருடைய வழக்கமான சத்தத்தில். "நாலு நாளா எனக்குப் பேப்பர் படிச்சுக் காட்டறாளே!"

வேறு வழியில்லை. "வா வர்ஷினி" என்றேன்.

அவள் கண்கள் விரிந்தன. நன்றாக இருக்கிறது என்று உடனே சொல்லிவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். அதற்குப் பதில் சொல்லக்கூடத் தயாராக இருந்தேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "வேற மாதிரி இருக்குதுங்க்கா. பழசு இல்ல. ஆனா இன்னும் கேக்கணும் போல இருக்குது" என்றாள்.

பிறகு வந்த விஷயத்தைச் சொன்னாள். ஒன்பதாம் தேதி அரங்கில் அவளைப் பேசச் சொல்லி நந்துவிடம் அவளே கேட்டாளாம், என்னால் முடியாவிட்டால் என்று. அவன் ஒத்துக்கொள்ளவில்லையாம்.

"டீச்சர் பேசாட்டி நான் அங்க வெறும் நாற்காலியப் போட்டு நடத்திக்கறேன்னு சொல்லிட்டாருங்க்கா. எடிட்டிங் பண்ண உக்காந்தாலும் உங்க பழைய எபிசோடத்தான் போட்டுக் கேட்டுட்டு இருக்காரு. நான் ரெண்டு தடவ பாத்தேன். கேட்டா, சவுண்டு லெவல் பாக்கறேன்னு சொல்றாரு."

சவுண்டு லெவல் பார்ப்பது அவசியம்தான் என்றேன்.

"நான் ஒண்ணும் சொல்லலைங்க்கா" என்று ஆப்பிளை நறுக்கத் தொடங்கினாள். அவளுக்கு மார்ச்சில் கல்யாணமாம், ஈரோட்டு மாப்பிள்ளை. நான் பேசுவதை நந்துவிடம் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டுப் போனாள்.

வர்ஷினி மிகவும் நல்ல பெண். முதலிலிருந்தே எனக்கு அப்படித்தான் தோன்றியது.

ஜனவரி 29, புதன்

'உப்புத்தாள்' ஒன்று. 'ஐஸ் தண்ணி' மூன்று. நந்துவிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

கடைக்குப் போனேன். நந்து முதுகு காட்டி உட்கார்ந்து ஒரு கண்ணாடிச் சட்டத்தில் திருகாணி மாட்டிக்கொண்டிருந்தான்.

"வணக்கம்" என்றேன்.

"வாங்க வாங்க. உக்காருங்க, ஒரு நிமிசம்" என்றான், திரும்பாமலே. "பவர் செக் பண்ணணுங்களா?"

"இல்ல. ஒரு ஆல்பத்தப் பத்திப் பேசணும்."

திருகாணி விழுந்தது. திரும்பி என்னைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். இருவரும் மண்டியிட்டுத் திருகாணியைத் தேடினோம். முகத்தைப் பார்க்காமல் பேச அது வசதியாக இருந்தது.

"எப்ப இருந்துங் டீச்சர்?"

"பதினேழாம் தேதியிலிருந்து."

"எனக்கு ஏன் சொல்லல?"

மேசைக்கு அடியில் இருட்டாக இருக்கிறது, டார்ச் அடி என்றேன்.

"நான் வர்ஷினியக் கூட்டிட்டு வந்ததுக்கு நீ கோவிச்சுக்கிட்டயோன்னு நெனச்சேன்" என்றான். "சீச்சீ" என்றேன். 'சீச்சீ' என்ற சொல் இந்தக் குரலில் வேறு மாதிரி, ரொம்பக் கம்பீரமாக வருகிறது.

திருகாணி கிடைத்தது. அவன் எழுந்து, தூசியைத் தட்டிக்கொண்டு, என் குரலைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல், "சரி, சண்டைய ஆரம்பிக்கலாமா? 'ஐஸ் தண்ணி' ஏன் முதல் இடம், சொல்லு பாக்கலாம்" என்றான்.

"அது முதல் இடம் இல்ல."

"என்னது?"

"'உப்புத்தாள்'தான். நீ சொன்னதுதான் சரி."

அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "அதெப்படி? ஒரு மாசமா நான் 'ஐஸ் தண்ணி'யத்தான கேட்டுட்டு இருக்கறேன்! உனக்கு அப்படி என்ன அதுல புடிச்சுதுன்னு தேடித் தேடிக் கேட்டு, இப்ப எனக்கு அதுதான் முதல். நேத்துதான் மாத்துனேன்!"

"மறுபடி மாத்து."

"மாத்த மாட்டேன்."

டாக்டரம்மா அனுமதித்த நேரத்தைத் தாண்டிவிட்டோம் என்று நினைக்கிறேன். மைக்கைப் போடட்டுமா என்று இடையில் கேட்டான். வேண்டாம் என்றேன். பேசுவது வேறு, பதிவில் திரும்பக் கேட்பது வேறு. அதற்கு நான் இன்னும் தயாரில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

பள்ளிக்கூடத்தில் முதல் நாள். 'உட்காருங்க' என்றதும் ஒன்பது பி மொத்தமும் சட்டென்று உட்கார்ந்துவிட்டது. இத்தனை வருடத்தில் நடக்காதது. "மிஸ், பயமா இருக்கு மிஸ்" என்றாள் முதல் பெஞ்சு மதுபாலா. இனி கத்தவே வேண்டியதில்லை போலிருக்கிறது. தலைமையாசிரியை சின்ன மைக் ஒன்றும் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமைக்கு எந்தப் புடவை என்று இன்னும் முடிவாகவில்லை. பச்சை, அல்லது நீலம். நந்துவுக்குப் பச்சை பிடிக்கும். அதனால் நீலம்.

பிப்ரவரி 9, ஞாயிறு

பச்சை உடுத்தினேன். நீலத்துக்கு ரவிக்கை சேரவில்லை.

மாடி அரங்கு நிறைந்து, படிக்கட்டிலும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். முதல் வரிசையில் அப்பா, புதுக் கண்ணாடியோடு. பக்கத்தில் வர்ஷினி. எனக்குக் கை சில்லிட்டிருந்தது. எங்கள் குரலை மட்டும் அறிந்தவர்கள் இவர்கள். அதிலும் என் பழைய குரலை.

நந்து வணக்கம் சொன்னான். பிறகு என் முறை. "நான் யமுனா, வலக்காது" என்றேன். அரங்கில் ஒரு சலசலப்பு ஓடியது. யாரோ பக்கத்தில் இருப்பவரிடம் ஏதோ கேட்டார்கள். அப்பாவைப் பார்த்தேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, கேட்கிறது, மேலே சொல்லு என்று கையை ஆட்டினார்.

சொன்னேன். தொண்டையில் கட்டி வந்தது, எடுத்தது, பழைய குரல் போனது, இதுதான் இனி. "ஒத்துக்கறவங்க ஒத்துக்கலாம், மத்தவங்க இடக்காதை மட்டும் கேக்கலாம்" என்றேன். சிரித்தார்கள். அதன் பிறகு கை தானாகச் சூடாகிவிட்டது.

பத்திலிருந்து மேலே வந்தோம். 'பவர் கட்' பையன் திருநெல்வேலியிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தான்; பெயரைச் சொன்னதும் எழுந்து நின்று என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தான். முதலிடத்துக்கு வந்தபோது நான் 'உப்புத்தாள்' என்றும் நந்து 'ஐஸ் தண்ணி' என்றும் சொல்ல, எங்களைத் தொடர்ந்து கேட்பவர்களுக்குத் தலை சுற்றியது. "ரெண்டு பேரும் சீட்டு மாறி உக்காந்துட்டீங்களா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

நான்காவது பாட்டில் குரல் உடையும் இடத்தைப் போட்டுக் காட்டினேன். "இந்தச் சிரிப்ப நல்லாக் கேளுங்க. குரல் போச்சேன்னு அவங்க அழல. போன இடத்துல இருந்தே பாட்டத் தொடர்ந்து எடுக்கறாங்க. போன வருசம் இத நான் கேட்டேன், ஆனா காதுல ஏறல" என்றேன். நந்து விடவில்லை. "பிசிறில்லாமப் பாடறது சுலபம்னு நெனச்சிட்டு இருந்தேனுங்க. அந்தப் புள்ள ஒவ்வொரு வரியவும் எவ்வளவு அக்கறையா எடுத்து வெக்கிதுன்னு இப்பத்தான் தெரியுது. அக்கறைக்கு முதல் இடம் கொடுக்கக் கூடாதா?" என்றான். எதிராளி இவ்வளவு நன்றாகப் பேசினால் எரிச்சல்தான் வரும். எனக்கு வரவில்லை.

தீரவில்லை. அரங்கைக் கை தூக்கச் சொன்னோம். மூன்று பேர் 'கெட்டிச் சட்னி' என்று கத்தினார்கள், பிறகு முப்பது பேர். அப்பா இரண்டு கையையும் தூக்கினார். கடைசியில் எங்கள் இருவரையும் தோற்கடித்து, பத்தாவது இடத்துக் குத்து ஆல்பம் ஆண்டின் முதல் இடத்துக்கு வந்துவிட்டது. 'உப்புத்தாள்' இரண்டு, 'ஐஸ் தண்ணி' மூன்று.

வர்ஷினி கைகளைச் சரிபார்த்து அறிவித்து, கைதட்டல் அடங்கி, ஒரு கணம் அமைதி. அந்த அமைதியில் அப்பா வர்ஷினி பக்கம் சாய்ந்து ரகசியம் கேட்டார். அவருடைய ரகசியம் படிக்கட்டில் உட்கார்ந்தவர்களுக்கும் கேட்டது.

"ஏம்மா, இதுக ரெண்டும் எப்பக் கல்யாணம் பண்ணிக்குமாம்?"

அரங்கு அதிர்ந்தது. நந்துவின் காது இரண்டும் சிவந்துவிட்டன. எனக்கு என்ன துணிச்சலோ, மைக் கையில் இருந்தது.

"அவன் இன்னும் கேக்கலைப்பா" என்றேன்.

"ஏன்?" என்றார் அப்பா, மிகுந்த கவலையுடன். "அந்தத் தம்பிக்கும் காது கேக்காதா?"

சிரிப்பு நிற்க வெகுநேரமானது. நந்து காத்திருந்தான். நின்றதும் எழுந்தான்.

"கேக்குதுங்கப்பா" என்றான் அவரைப் பார்த்து. பிறகு என் பக்கம் திரும்பினான். மைக்கைக் கீழே வைத்துவிட்டான். ஆனால் என் மைக்குக்கு அது எட்டியது. "கேக்கறேனுங் டீச்சர். ஒரு தடவ தோத்தவன், அதான் இத்தன நாள் பயம். கட்டிக்கலாமாங்?"

மேலே எழுத முடியவில்லை. அப்பா இனிப்பு வாங்கி வந்திருக்கிறார். தெருவுக்கே கொடுக்க வேண்டுமாம்.

பிப்ரவரி 12, புதன்

பள்ளி விட்டதும் நேராகக் கடைக்குப் போனேன். நந்து அரங்கப் பதிவை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தான்.

"கடைசிப் பகுதிய வெச்சுக்கலாமா, வெட்டிரலாமா?" என்றான். "ஊரே கேக்கும். நீ சொல்றதுதான்."

"போடு, கேக்கறேன்."

ஹெட்போனை நீட்டினான். நான் மாட்டிக்கொள்ளத் தயங்கியதைப் பார்த்துவிட்டு, லென்ஸ் துடைக்கிற சாக்கில் முன்பக்கம் போய்விட்டான்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு என் குரலைப் பதிவில் நான் கேட்டதே இல்லை. அப்பாவின் கேள்வி வந்தது, சிரிப்பு வந்தது, நந்து கேட்டது வந்தது. அதற்குப் பின் நீளமாக ஒரு மௌனம். நாற்காலி ஒன்று நகரும் சத்தம். யாரோ ஒருவர் இருமினார். அப்புறம் கனமான, கொஞ்சம் சொரசொரப்பான குரலில், ஒரு பெண் "சரி" என்றாள்.

திரும்ப ஒருமுறை போட்டுக் கேட்டேன். நன்றாகத்தான் சொன்னாள்.

"வெட்ட வேண்டாம்" என்றேன், முன்பக்கம் வரை கேட்கும்படி.